கதையின் கணக்கு யார் கையில்?

(ஆலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில், அமெரிக்க நாட்டுக் காமிக்ஸ் கதைகளைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



போன மாதம் ஒரு நாள் மாலை ஷிப்ட் முடிந்த நேரத்தில் இந்தப் படிப்பகத்துக்குள் நுழைந்தேன். ஸ்பின்னிங் பகுதித் தம்பிகள் இரண்டு பேர் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். போனஸ் தகராறாக இருக்கும் என்று நினைத்துக் கிட்டப் போனேன். விஷயம் அதுவல்ல. க்வென் என்ற ஒரு பெண் செத்தது, பாலத்திலிருந்து விழுந்ததாலா, காப்பாற்ற வீசிய வலை வெடுக்கென்று இழுத்ததாலா? இதுதான் தகராறு! மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கூலிக் கணக்கைக் கேட்கத் துப்பில்லை, பொம்மைக் கதைக்குச் சண்டையா?” என்று அதட்டினார். தம்பிகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

பெரியவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பிகள் செய்துகொண்டிருந்ததும் ஒரு கணக்குத்தான். அது என்ன கணக்கு, அதை யார் எழுதினார்கள், யார் அழித்தார்கள் என்பதைப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எண்பது ஆண்டுகளைத் தாண்டிய கதை

அமெரிக்காவில் மாதந்தோறும் மெல்லிய புத்தகங்களாகக் காமிக்ஸ் வெளிவருகிறது. பறப்பவர், சுவர் ஏறுபவர், முகமூடி அணிந்தவர் எனப் பலவகைச் சூரர்களின் கதை. 1938-ம் ஆண்டில் சூப்பர்மேன் கதை தொடங்கியது, இன்னும் முடியவில்லை. ஒருவர் எழுதி முடிக்கிற கதையல்ல இது. எழுதுகிறவர் ஒருவர், பென்சிலால் வரைகிறவர் ஒருவர், மேலே மை தீட்டுகிறவர் ஒருவர், வசனத்தைக் கட்டங்களில் எழுதுகிறவர் ஒருவர், வர்ணம் தீர்மானிக்கிறவர் ஒருவர். ஒருவர் விலகினால் அதே இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருவார். நம் ஆலையில் ஷிப்ட் மாறினாலும் நூல் அறாமல் ஓட வேண்டுமல்லவா? அதுபோலத்தான்.

அந்த நூல் அறாமல் ஓடுவதைத்தான் கதைத் தொடர்ச்சி என்கிறார்கள். நம் கிராமங்களில் பாரதக் கூத்து பல இரவு நடக்கிறது. ஓர் இரவு அபிமன்யு மாண்டுவிட்டான். பெண்கள் அழுது கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் இரவு அபிமன்யு வேடம் கட்டி, ஒன்றும் நடக்காததுபோல் மேடையில் குதித்தால் ஜனங்கள் விடுவார்களா? “என்னய்யா இது, நேற்றுத்தானே செத்தான்?” என்று முன்வரிசைக் கிழவியே கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விதான் இந்த வாதங்களுக்கெல்லாம் தாய்.

நூற்று முப்பது டாலர்

முதலில், கதையைச் செய்தவர்கள் கதை. கிளீவ்லாந்து நகரத்தில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு இளைஞர்கள். பிழைப்புத் தேடி வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒருவர் எழுதினார், மற்றவர் வரைந்தார். சூப்பர்மேன் அவர்கள் கையில் பிறந்தவன். 13 பக்கக் கதை, பக்கத்துக்கு 10 டாலர், மொத்தம் 130 டாலர். அந்தக் காசோலையோடு கதாநாயகனின் சகல உரிமையும் கம்பெனிக்குப் போய்விட்டது. புத்தகத்தின் விலை 10 சென்ட். அது எத்தனை கோடியாகப் பெருகியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1947-ல் இருவரும் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டில் ஒரு தொகையோடு வழக்கு முடிந்தது. கதையின் முகப்பிலிருந்து அவர்கள் பெயர் மறைந்தது. 1975-ல், சூப்பர்மேன் சினிமா எடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, சீகல் தம் நிலையைப் பத்திரிகைகளிடம் பகிரங்கமாகச் சொன்னார். ஷஸ்டருக்குக் கண் பார்வை மங்கிப்போயிருந்தது. சக ஓவியர்களும் எழுத்தாளர்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலரும், கதையில் பெயரும் கிடைத்தன. உரிமை மட்டும் கிடைக்கவில்லை.

இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1960-களின் பிற்பகுதியில் சீகல் இங்கிலாந்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ‘ஸ்பைடர்’ என்ற குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளை எழுதினார். அந்நாளில் அங்கே எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. 1984-ல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸ் அந்த ஸ்பைடரைத் தமிழில் கொண்டுவந்தது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். சூப்பர்மேனைப் படைத்த கைதான் இதையும் எழுதியது என்பது அன்று படித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

காலிக் கவர்

தொடக்கத்தில் கம்பெனிகளுக்குத் தொடர்ச்சியைப் பற்றிக் கவலையில்லை. பிள்ளைகள் நாலைந்து வருஷம் படிப்பார்கள், வளர்ந்ததும் போய்விடுவார்கள், புதுப் பிள்ளைகள் வருவார்கள். பழைய சரக்கையே திருப்பி விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் எல்லோரும் போய்விடவில்லை. பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்தவர்கள் இருந்தார்கள்.

1956-ல் மின்னல் வேகத்தில் ஓடும் ‘பிளாஷ்’ என்ற பழைய சூரன் பெயரில் ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் பழையவன் என்ன ஆனான்? 1961-ல் வந்த கதை அதற்குப் பதில் சொன்னது: பழையவன் இன்னொரு பூமியில் இருக்கிறான், இருவரும் சந்தித்தார்கள் என்று. வாசகர்கள் குதூகலித்தார்கள். அந்தக் கம்பெனியின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், கடிதப் பகுதியில் வாசகர்களின் முழு விலாசத்தையும் அச்சிட்டார். விளைவு என்ன? வாசகர்கள் ஆசிரியருக்கு மட்டும் எழுதாமல் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள்! அதே ஆண்டில் ஜெர்ரி பெயில்ஸ் என்ற ஆசிரியர், ராய் தாமஸ் என்ற இளைஞரின் துணையோடு, பிரதியெடுக்கும் சிறு யந்திரத்தில் ‘ஆல்டர் ஈகோ’ என்ற ரசிகர் பத்திரிகையைப் போட்டார். தூரதூரத்தில் தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். விலாசம் கிடைத்தால் சங்கம் பிறக்கும் என்பது நமக்குத் தெரிந்த உண்மைதானே!

அதே 1961-ல் மார்வெல் கம்பெனியில் எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் ‘பென்டாஸ்டிக் போர்’ என்ற கதையைத் தொடங்கினார்கள். இங்கே பெரும்பாலான சூரர்கள் ஒரே நியூயார்க் நகரில் வசிப்பவர்கள். ஒருவர் கதையில் நடந்தது இன்னொருவர் கதையில் எதிரொலிக்கும். ஆனால் மாதத்துக்கு இத்தனை கதை என்று அவசரமாக எழுதினால் தப்பு வராமலிருக்குமா? பீட்டர் பார்க்கர் 1963-ல் ஓரிடத்தில் ‘பீட்டர் பாமர்’ ஆனார். ஹல்க் என்ற அரக்கனாக மாறுகிற புரூஸ் பேனர் 1964-ல் ‘பாப் பேனர்’ ஆனார். பாப் என்பது ராபர்ட்டின் சுருக்கம். வாசகர்கள் விடவில்லை. கடைசியில் ஸ்டான் லீ சிரித்துக்கொண்டே, அவர் முழுப் பெயர் ராபர்ட் புரூஸ் பேனர் என்று அறிவித்துவிட்டார். இன்றுவரை அந்தப் பெயர்தான். ஆசிரியர் செய்த தப்பையும் வாசகர் கேட்ட கேள்வியையும் சேர்த்துக் கதை ஒரு பெயரை வைத்துக்கொண்டது!

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. தப்பைக் கண்டுபிடித்து, அது தப்பல்ல என்று பொருத்தமான காரணமும் சொல்லுகிற வாசகருக்குப் ‘பரிசில்லாப் பரிசு’ என்று அறிவித்தார்கள். 1967 வாக்கில் அது தபாலிலும் வந்தது. கவரின் மேல் வாழ்த்து அச்சிட்டிருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. காலிக் கவர்! கவர் கிழிந்துவிட்டது, பரிசு விழுந்துவிட்டது என்று சிலர் புகார்க் கடிதம்கூட எழுதினார்கள்.

சிரியுங்கள் தோழர்களே, நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டு யோசியுங்கள். சரக்கில் உள்ள பழுதைக் காசு கொடுத்து வாங்கியவனே கண்டுபிடிக்கிறான். அவனே ஒட்டும் போட்டுக் கொடுக்கிறான். கம்பெனி காலிக் கவரை அனுப்புகிறது. ஆனாலும் அந்த வாசகன் ஏமாந்தவனல்ல. கதை தன்னுடையது என்று அவன் நினைத்தான். அந்த நினைப்பை எந்தக் கவராலும் வாங்க முடியாது.

தம்பிகளின் தகராறு

இப்போது க்வென் விஷயத்துக்கு வருகிறேன். 1973 ஜூன் இதழில் வந்தது அந்தக் கதை. எழுதியவர் ஜெரி கான்வே, பென்சிலால் வரைந்தவர் கில் கேன். பீட்டர் பார்க்கரின் காதலி க்வென் ஸ்டேஸியை வில்லன் பாலத்தின் மேலிருந்து தள்ளுகிறான். பீட்டர் வலை வீசிக் காலைப் பிடித்துவிடுகிறான். மேலே இழுத்துப் பார்த்தால் உயிர் இல்லை. படத்தில் அவள் கழுத்தருகே ‘மளுக்’ என்ற பொருளில் ஒரே ஒரு சின்னச் சொல். கீழே விழும்போதே உயிர் போய்விடும் என்று வில்லன் இறுமாப்போடு சொல்லுகிறான்.

விழும்போதே உயிர் போகுமா? போகாது. போகுமானால் பாரசூட்டில் குதிக்கிறவர் ஒருவரும் தரைக்கு உயிரோடு வரமாட்டார். சரி, அப்படியானால் எது கொன்றது? கிணற்றில் நீர் இறைக்கும் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிறைகுடத்தைக் கயிறு தளர விட்டு, பாதியில் சட்டென்று பிடித்தால் என்ன ஆகும்? கயிறு அறும், அல்லது குடத்தின் கழுத்து போகும். 300 அடி விழுந்த உடலின் வேகம், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 95 மைல். அதை அரை விநாடியில் நிறுத்தினால், உடலின் எடையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு விசை தாக்கும். அதே 1973 அக்டோபர் இதழின் கடிதப் பகுதியில் ஆசிரியர் குழுவே ஒப்புக்கொண்டது: வலை சட்டென்று நிறுத்திய அதிர்ச்சிதான் அவளைக் கொன்றது என்று.

காப்பாற்ற நீட்டிய கையே கொன்றுவிட்டது. அந்தத் துயரத்தை வாசகர்கள் துருவித் துருவிக் கேட்டுத்தான் ஆசிரியர் வாயால் சொல்ல வைத்தார்கள். இன்னொரு தகராறும் அதே கதையில் இருக்கிறது. எழுத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்று இருக்கிறது. படத்தில் இருப்பதோ புரூக்ளின் பாலம்! தம்பிகளே, இதைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மறைத்த பக்கம் திரும்பி வந்தது

பெரியவரே, இனி நான் சொல்லப் போவது உங்களுக்காக.

‘கேப்டன் அமெரிக்கா’ என்று ஒரு சூரன். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்தது. 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே அவன் ஹிட்லரின் தாடையில் குத்துவிட்டான். அமெரிக்கா அப்போது யுத்தத்தில் இறங்கவே இல்லை. பாசிசத்தை எதிர்த்த அந்த அட்டையை யாரும் மறக்க முடியாது.

யுத்தம் முடிந்தது. காற்று மாறியது. மக்கார்த்தி என்ற செனட்டர் யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று வேட்டையாடிய காலம் வந்தது. 1953-54-ல் கேப்டன் அமெரிக்காவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை அட்டையில் ‘கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவன்’ என்று பட்டம் கட்டினார்கள்! புத்தகம் விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள்.

1964-ல் மறுபடியும் வந்தான். யுத்தத்தின் முடிவில் கடலில் விழுந்து பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தான், இப்போதுதான் எடுத்தார்கள் என்றது புதிய கதை. அப்படியானால் 1953-ல் கம்யூனிஸ்டுகளை உதைத்தது யார்? கம்பெனி வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கங்கள் அச்சாகவே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டது. ஆனால் பழைய புத்தகம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

1972-ல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் என்ற இளம் எழுத்தாளர், சால் புசீமாவின் படங்களோடு, அதற்குப் பதில் எழுதினார். அந்த யோசனையைக் கொடுத்தவர் யார் தெரியுமா? ரசிகர் பத்திரிகை நடத்திய அதே ராய் தாமஸ்தான். அவர் அதற்குள் மார்வெலின் ஆசிரியராகிவிட்டிருந்தார். பதில் இதுதான்: 1953-ல் வந்தவன் உண்மையான கேப்டன் அமெரிக்கா அல்ல. அவனைப்போல் வேடம் போட்ட இன்னொருவன். பலம் தரும் மருந்தை அரைகுறையாக ஏற்றிக்கொண்டதால் புத்தி பேதலித்து, கண்ட இடமெல்லாம் எதிரி என்று நினைத்து, நிரபராதிகளை அடிக்கத் தொடங்கியவன். அரசாங்கமே அவனைப் பிடித்துத் தூங்க வைத்துவிட்டது. இப்போது அவன் விழித்துக்கொண்டு உண்மையானவனோடு மோதுகிறான்!

பார்த்தீர்களா தோழர்களே! கணக்கில் ஒரு முரண்பாடு. அதை ஞாபகம் வைத்திருந்தவர்கள் இருந்ததால், மூடி வைத்த ஒரு காலத்தின் வெறி வெளிச்சத்துக்கு வந்தது. அதை வெறி என்று அதே பத்திரிகையின் பக்கத்திலேயே அச்சிட வேண்டி வந்தது. தொடர்ச்சியைக் கேட்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல என்று நான் சொல்வதற்கு இதுவே சாட்சி.

ஓட்டும் அழிப்பும்

ஆனால் கடைசிச் சொல் யாருடையது? 1988-ல் பேட்மேனின் துணைவன் ஜேசன் டாட் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று வாசகர்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். இரண்டு தொலைபேசி எண்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாக வேண்டும் என்று 5,343 ஓட்டு. பிழைக்க வேண்டும் என்று 5,271. வெறும் 72 ஓட்டில் பையன் செத்தான். காசு உள்ளவன் எத்தனை தடவையும் போடலாம் என்ற ஓட்டு அது! 2005-ல் ஓட்டே கேட்காமல் அவனை உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள்.

கணக்குச் சிக்கலாகிவிட்டது என்று ஏட்டையே கிழித்ததும் உண்டு. 1985-86-ல் பன்னிரண்டு இதழ்கள் கொண்ட ஒரு பெருங்கதையில், அந்தக் கம்பெனி தன் எண்ணற்ற பூமிகளையும் அழித்து ஒரே பூமியாக்கியது. 2007-ல் மார்வெல், பீட்டர் பார்க்கருக்கு 1987-ல் நடந்த கல்யாணத்தையே ஒரு பிசாசின் பேரத்தால் நடக்காததாக்கிவிட்டது. 2011-ல் சூப்பர்மேன் தோன்றிய ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ 904-ம் இதழுக்குப் பிறகு மறுபடி 1 என்று எண் போட்டது. முதல் இதழ் என்றால் அதிகம் விற்கும்! 52 இதழ் வந்தது. பிறகு 2016-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? 957 என்று போட்டார்கள்! ஆயிரம் நெருங்குகிறது, ஆயிரமாவது இதழை விற்க வேண்டுமே! 2018-ல் ஆயிரம் வந்தது. ஆக, வேண்டாதபோது அழிப்பார்கள், வேண்டும்போது எண்ணுவார்கள். இடையில் எண்ணிக்கையை விடாமல் வைத்திருந்தவர்கள் வாசகர்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு மட்டும் கதையாகிவிடாது. எதைத் தொட்டாலும் “அறுபத்திரண்டில் வேறு மாதிரி சொன்னீர்களே” என்று பிடித்துக்கொண்டால் புதிதாக எழுத வருகிறவர் மூச்சுத் திணறிப் போவார். மாற்றுவது குற்றமல்ல. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம். எங்கிள்ஹார்ட் மாற்றினார், மறைக்கவில்லை. அதனால்தான் அந்தக் கதை நிற்கிறது.

என் தகப்பனார் கார்டு

என் தகப்பனார் ஓர் ஆலையில் கார்டிங் பகுதியில் பத்தொன்பது வருஷம் உழைத்தார். ஆலை கைமாறியது. புது நிர்வாகம் புதுக் கார்டு கொடுத்தது. ‘வேலையில் சேர்ந்த தேதி’ என்ற இடத்தில் அந்த வாரத்துத் தேதி! பத்தொன்பது வருஷமும் நடக்கவில்லை என்றாகிவிட்டது. அம்மா தகரப் பெட்டியில் முடிந்து வைத்திருந்த பழைய சம்பளச் சீட்டுகளும், “நான் சேர்ந்த வருஷம் இவர் எனக்கு முன்பே இருந்தார்” என்று கூட வேலை செய்தவர்கள் சொன்ன சாட்சியுந்தான் அந்தத் தேதியைத் திருத்தின. முதல் இதழ் என்று எண் போட்டுவிட்டால் பழைய இதழ்கள் இல்லாமல் போய்விடாது. யாராவது பெட்டியில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தம்பிகளே, உங்கள் வாதத்தை நிறுத்தச் சொல்லி நான் வரவில்லை. நடத்துங்கள். ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவனை “இதுகூடத் தெரியாதா” என்று இளக்காரம் செய்யாதீர்கள். கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று: எந்த இதழில் யார் செத்தார் என்பதைக் குறித்து வைக்கிற நோட்டில், எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பேட்மேனைப் படைத்ததில் பெரும் பங்கு பில் பிங்கருடையது. அவர் 1974-ல் இறந்தார். படைத்தவர்களில் ஒருவர் என்ற பெயர் அவருக்கு 2015-ல்தான் கிடைத்தது. அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததிலும், பழைய இதழ்களையும் பழைய பேச்சுகளையும் தேடிப் பிடித்துச் சாட்சி சொன்ன வாசகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுக்கும் காலிக் கவர்தான் கிடைத்திருக்கும். இருந்தாலும் செய்தார்கள்.

பெரியவரே, அடுத்த முறை இவர்கள் சத்தம் போட்டால் அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “அன்று என்ன சொன்னான், இன்று என்ன சொல்லுகிறான்?” என்று நீங்களும் கேளுங்கள். அந்தக் கேள்வி பழகிய வாய், சம்பளச் சீட்டைப் பார்த்தும் அதைக் கேட்கும்.